வெள்ளி பற்றவைப்பில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

மோதிரம், மெட்டி, தோடு, கொலுசு வளையம் என்று சின்னச் சின்ன வெள்ளிச் சாமான்களில் கை பழகுகிறவர்களுக்கான குறிப்பு இது. பியூட்டேன் கேஸ் டார்ச், கரிக்கட்டை அல்லது ஃபயர் பிரிக், சாமணம், அரம், உப்புத்தாள், வெண்காரம், பொடி ஆகியவை கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொடி என்றால் பற்றாசு, உருகி இரண்டு துண்டை ஒட்டவைக்கும் உலோகக் கலவை. கடையில் தகடாகவும் கம்பியாகவும் கிடைத்தாலும், ராவித் தூளாக்கி வைத்துப் பழகியதால் பட்டறையில் அதற்குப் பொடி என்றே பெயர். பேச்சில் ‘பொடி வைத்து ஊதுவது’ இந்தப் பொடியைத்தான் என்பார்கள்.

தீ மூட்டிய பிறகு கண்ணில் படும் கோளாறுகளில் பாதிக்கு மேல் தீ மூட்டும் முன்பே செய்த தப்பால் வருபவை. அதனால் ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத சோதனையை முதலில் வைத்திருக்கிறது. வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

முதலில் இரண்டு கணக்கு

வெள்ளியின் டச் (100 பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு) தெரியாமல் டார்ச்சைக் கையில் எடுக்காதீர்கள். 92.5 டச் வெள்ளி 800 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கி, 890ஐத் தாண்டித்தான் முழுக்க உருகும். மீதி செம்பாக இருந்தால், 72 டச் வெள்ளி 780 டிகிரியிலேயே தண்ணீராகிவிடும். பழகுவதற்கென்று மலிவாக வாங்கும் பழைய கொலுசுகள் பல இந்த டச்சை ஒட்டித்தான் இருக்கும்.

பொடியில் மூன்று தரம். 100 பங்கில் வெள்ளி 75, செம்பு 22, துத்தநாகம் 3 இருந்தால் கெட்டிப் பொடி. 780 முதல் 790 டிகிரிக்குள் ஓடும். 70, 20, 10 என்ற கணக்கில் இருப்பது நடுப்பொடி. 740 அருகே ஓடும். 65, 20, 15 என்றால் இளம்பொடி. அதற்கு 720 போதும். 92.5 டச்சில் கெட்டிப் பொடி வைக்கலாம், வெள்ளி முழுக்க உருக இன்னும் 100 டிகிரி இடம் இருக்கிறது; ஆனால் இளகத் தொடங்க 10, 20 டிகிரிதான். கொலுசு வெள்ளியில் அதே பொடியை வைத்தால் பொடி ஓடும் நேரத்தில் கொலுசும் ஓடும். அதற்கு இளம்பொடியைத் தவிர வேறு எதையும் நினைக்காதீர்கள்.

கேட்மியம் கலந்த பொடி சுலபமாக ஓடும், வேலையும் சுத்தமாக வரும். ஆனாலும் வேண்டாம். அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தங்கத்தில் கே.டி.எம். என்று சொன்னார்களே, அது இந்தக் கேட்மியம்தான். வாங்கும்போதே கேட்மியம் இல்லாத பொடியா என்று கேட்டு வாங்குங்கள்.

## பொடி உருகவே மாட்டேன் என்கிறது

மின்விசிறி ஓடுகிறதா என்று பாருங்கள். சிரிப்பு வரலாம், ஆனால் கோடைக்காலத்தில் இதுதான் முதல் காரணம். விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு செங்கல்லைச் சுவர் மாதிரி பின்னால் நிறுத்துங்கள். புகை போக ஜன்னல் மட்டும் திறந்திருக்கட்டும்.

அடுத்தது அடியில் இருப்பது. இரும்புத் தகட்டின் மேலோ வெறும் சிமெண்டின் மேலோ வைத்தால் சூட்டை அது குடித்துவிடும். கரிக்கட்டையின் மேல் வையுங்கள். தடித்த சாமணத்தால் வாய்க்கு (இரண்டு முனைகள் சேரும் இடத்துக்கு) பக்கத்தில் பிடித்திருந்தாலும் இதே கதைதான். பிடியை வாயிலிருந்து தள்ளி மாற்றுங்கள்.

பிறகு தீயின் எந்த இடம் படுகிறது என்று பாருங்கள். உள்ளே தெரியும் நீலக் கூம்பின் நுனிக்குச் சற்று முன்னால்தான் சூடு அதிகம். கூம்பையே உலோகத்தில் முட்டவைத்தால் சூடு குறையும்.

இவ்வளவும் சரி, ஒன்றரை நிமிடம் ஊதியும் ஓடவில்லை என்றால் நிறுத்துங்கள். அதற்குள் வாயில் தடவிய வெண்காரம் செத்திருக்கும். கண்ணாடி போல இருந்தது கருத்துப் பொறுக்காகியிருக்கும். அதன் மேல் இன்னும் ஊதிப் பயனில்லை. ஆறவைத்து, திராவகத் தண்ணீரில் (அமிலம் கலந்த தண்ணீர், செய்முறை பின்னால் வருகிறது) கழுவி, புதிதாகத் தொடங்குங்கள்.

டார்ச்சுக்குப் பலம் இல்லையா என்று தெரிந்துகொள்ள, அதே பொடியை 1 மி.மீ. கம்பி வளையம் ஒன்றில் வைத்து ஊதுங்கள். அதில் அரை நிமிடத்தில் ஓடி, உங்கள் சாமானில் மட்டும் ஓடவில்லை என்றால் சாமான் டார்ச்சை விடப் பெரிது. சமையலறைச் சிறு டார்ச் மோதிரத்துக்குப் போதும், தடித்த காப்புக்குப் போதாது. ஒரே ஒரு காப்புக்காகப் பெரிய எல்.பி.ஜி. டார்ச் வாங்குவதை விட, அதைப் பட்டறையில் கொடுத்து ஊதி வாங்குவது மேல்.

## பொடி உருகியது, ஆனால் முத்தாக உருண்டு நிற்கிறது

கற்றுக்கொள்பவர்களை அதிகம் அழவைப்பது இதுதான். பொடிக்குச் சூடு ஏறிவிட்டது, வெள்ளிக்கு ஏறவில்லை என்று அர்த்தம். பொடி எப்போதும் சூடான பக்கம்தான் போகும். போக இடம் இல்லாவிட்டால் தன்னைத்தானே கட்டிக்கொண்டு உருளும்.

தீயைப் பொடியின் மேல் காட்டாமல், மோதிரத்தின் பின்பக்கத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். வெள்ளி சூட்டை வேகமாகக் கடத்தும். ஓரிடத்தை மட்டும் சூடாக்கப் பார்த்தால் மீதி உடம்பெல்லாம் அதை இழுத்துக்கொள்ளும். முழுச் சாமானும் ஒரே நிறத்துக்கு வந்த பிறகே வாய்ப் பக்கம் வாருங்கள்.

வெண்காரத்தைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். முதலில் தண்ணீர் வற்றி வெள்ளையாகப் பொங்கும். அந்த நேரத்தில் தீயைத் தள்ளிப் பிடியுங்கள், இல்லையென்றால் பொடித்துண்டைத் தூக்கி எறிந்துவிடும். பிறகு பொங்கல் அடங்கி ஒட்டும். அதன் பின் கண்ணாடியாகத் தெளிந்து, ஈரம் பூசினாற்போல் மினுக்கும். அப்போது தீயைக் கிட்டே கொண்டுவாருங்கள். விளக்கை அணைத்த அறையில் வெள்ளி மங்கல் சிவப்பைத் தாண்டும். சில விநாடிகளில் பொடித்துண்டின் விளிம்பு மழுங்கி, வாயின் நீளத்துக்கு ஒரு வெள்ளிக் கோடு சரேலென்று ஓடும். கோடு ஓடி முடிந்த அந்த நொடியில் தீயை எடுத்துவிட வேண்டும்.

சூடு சரியாகக் கொடுத்தும் உருண்டால் அழுக்கு என்று கொள்ளுங்கள். விரல் எண்ணெய் போதும், மெருகுக் கட்டியின் மெழுகு இருந்தால் கேட்கவே வேண்டாம். வாயின் இரு முகத்தையும் 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, பாத்திரம் துலக்கும் சோப்பில் கழுவி, அதன் பின் விரல் படாமல் சாமணத்தால் எடுங்கள். பொடித்தகட்டையும் வெட்டும் முன் அதே தாளில் ஒரு இழுப்பு இழுங்கள். பலர் சாமானைச் சுத்தம் செய்துவிட்டுப் பொடியை மறந்துவிடுவார்கள்.

வெண்காரம் பால் போல இருக்க வேண்டும். கல்லில் சொட்டுத் தண்ணீர் விட்டு உரைத்தது நன்று. மாவு மாதிரி கெட்டியாக அப்பினால் பொங்கும், தண்ணீராக இருந்தால் வாயைக் காக்காது.

உருண்டுவிட்ட முத்தை அப்படியே வைத்து மறுபடி ஊதாதீர்கள். சூடாக இருக்கும்போதே எஃகுக் கம்பி முனையால் தொட்டு வாய்க்கு இழுக்கலாம். நகரவில்லை என்றால் எடுத்துவிட்டுக் கழுவிப் புதிதாக வையுங்கள். ஒருமுறை உருண்ட பொடியில் துத்தநாகம் கொஞ்சம் புகையாகப் போயிருக்கும். அடுத்த முறை அது ஓட இன்னும் அதிகச் சூடு கேட்கும்.

## ஒரு பக்கம் மட்டும் ஏறிக்கொண்டது

இரண்டு பாகத்தில் ஒன்று தடி, ஒன்று மெல்லிசு. மெல்லிசுக்கு முதலில் சூடு ஏறிப் பொடியை இழுத்துக்கொண்டது. தோட்டின் தகட்டில் தண்டைப் பற்றும்போது இது தவறாமல் நடக்கும். தண்டு மேல் தீயே படக்கூடாது. தகட்டை மட்டும் அடியிலிருந்தோ சுற்றியோ சூடாக்கி, பொடியைத் தகட்டில் முதலில் ஓடவிட்டு, அது இன்னும் நீராக இருக்கும்போது தண்டைச் செங்குத்தாக இறக்குங்கள். தீயை எடுத்த பிறகும் மூன்று, நான்கு விநாடி கை ஆடாமல் பிடிக்க வேண்டும்.

## கோடு ஓடியது, ஆனால் தட்டினால் வாய் திறக்கிறது

பொடி இடைவெளியை நிரப்பாது. முகமும் முகமும் தொட்டுக்கொண்டு இருக்கும் இடத்தில் மட்டுமே ஏறும். மோதிரத்தை விளக்குக்கு நேரே பிடித்து வாயைப் பாருங்கள். வெளிச்சம் ஒரு மயிரிழை தெரிந்தாலும் பொருத்தம் போதாது. மேல்பக்கம் மட்டும் தொட்டு உள்பக்கம் ‘வி’ போலத் திறந்திருப்பதுதான் அதிகம் நடக்கிற தப்பு. அரத்தை இரண்டு முனைக்கும் நடுவே விட்டு ஒரே நேரத்தில் ராவினால் இரண்டு முகமும் இணையாக வரும். முனைகளை ஒன்றைத் தாண்டி ஒன்று போகும்படி மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அழுத்தி, விறைப்பு ஏற்றிப் பிறகு சேர்த்தால் வாய் தானாகவே இறுகி நிற்கும்.

திறந்த வாயில் இன்னும் கொஞ்சம் பொடி போட்டு அடைக்கும் ஆசை வரும். அந்தப் பற்று வளையத்தைப் பெரிதாக்க உருட்டுக்கோலில் தட்டும் முதல் அடியிலேயே போய்விடும். ரம்பத்தால் அந்த இடத்தை அறுத்து எடுத்துவிட்டு மறுபடி சேர்ப்பதுதான் வழி.

பொடி அளவும் பாருங்கள். 2 மி.மீ. கம்பி மோதிரத்துக்கு 1 மி.மீ. சதுரத் துண்டு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு.

## இரண்டாவது பற்று வைக்கும்போது முதல் பற்று கழன்றது

எல்லாவற்றுக்கும் ஒரே பொடி வைத்ததுதான் முதல் காரணம். முதல் பற்று கெட்டி, அடுத்தது நடு, கடைசி இளம்பொடி என்று இறங்கிக்கொண்டே போங்கள். மூன்று தகட்டிலும் வாங்கிய அன்றே ஆணியால் 1, 2, 3 என்று கீறி வைக்காவிட்டால், ஒரு மாதம் கழித்து எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரே பொடிதான் கையில் இருக்கிறதென்றால் பழைய பற்றில் காவியைத் தண்ணீரில் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். அந்த இடத்தில் வெண்காரம் ஒட்டியிருக்கக்கூடாது, கழுவிவிட்டுப் பூசவும். காவி பட்ட இடத்தில் பொடி ஓடாது, நகராது. அதோடு பழைய பற்றின் மேல் சாமணத்தைக் கவ்வி வைத்தால் சூட்டையும் அது இழுத்துக்கொள்ளும். புதுப் பற்றின் வாய்க்குக் காவி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

## சாமானே சுருங்கியது அல்லது உருகியது

டச் குறைவோ என்று முதலில் சந்தேகியுங்கள். டச் பார்க்கும் கடையில் காட்டினால் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். உரைகல்லில் நீங்களே தேய்த்துப் பார்ப்பதை நம்ப வேண்டாம், வெள்ளியில் அது கண்ணை ஏமாற்றும்.

டச் சரி என்றால் தீ ஓரிடத்தில் நின்றுவிட்டது. வெள்ளி உருகும் முன் மேல்தோல் பாதரசம் போல நடுங்கி மினுக்கும். அதைப் பார்த்ததும் தீயை இழுத்துவிட்டால் தோல் சுருக்கத்தோடு தப்பிக்கலாம். சுருக்கத்தை ராவினால் மெல்லிசாகும். 1 மி.மீ.க்குக் குறைவான தகடானால் தூக்கிப் போட்டு வேறு வெட்டுவது லாபம். வெட்டுத் துண்டுகளை ஒரு டப்பாவில் சேருங்கள், உருக்கிக் கம்பி இழுக்க உதவும். ஆனால் பொடி ஒட்டிய துண்டுகளைத் தனி டப்பாவில் போடுங்கள், டச் குறையும்.

## பற்றில் ஊசிக்குழிகள்

ஒன்றிரண்டு குழி என்றால் சூடு மிஞ்சித் துத்தநாகம் கொதித்திருக்கும், அல்லது வெண்காரம் உள்ளே சிக்கியிருக்கும். ராவிப் பாருங்கள். ராவ ராவக் குழி பெருகினால் அந்தப் பற்றை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். குழிக்குள் பொடி திணிப்பதில் பயனில்லை.

பழைய சாமானைச் சரிசெய்யும்போது பற்று இருந்த இடமே அரித்துப் பள்ளம் விழுந்தால் அது வேறு நோய். முன்பு யாரோ ஈயப் பற்று வைத்திருக்கிறார்கள். ஈயம் வெள்ளியோடு சேர்ந்து 300 டிகிரிக்குச் சற்று மேலேயே உருகி, சூடு ஏற ஏற வெள்ளியைத் தின்று ஓட்டை போடும். அதனால் பழைய கொலுசு, அரைஞாண், குங்குமச் சிமிழ் எதுவானாலும் டார்ச் காட்டும் முன் ஒரு சோதனை. பழைய பற்றைக் கத்தி முனையால் கீறுங்கள். மங்கல் சாம்பல் நிறமாக, மெழுகு மாதிரி வழித்துக்கொண்டு வந்தால் ஈயம். இன்னும் சந்தேகம் என்றால் ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் சோல்டரிங் அயர்ன் முனையால் தொடுங்கள். உருகினால் ஈயமேதான். வெள்ளிப் பொடி அந்தச் சூட்டுக்கு அசையாது.

ஈயம் என்று தெரிந்தால் சுரண்டி, ராவி, பளிச்சென்ற வெள்ளி தெரியும்வரை எடுக்க வேண்டும். கொலுசின் சங்கிலிக்கு உள்ளே புகுந்திருந்தால் வீட்டில் எடுக்க முடியாது, பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஈயம் ராவிய அரத்தையும் கரிக்கட்டையையும் வெள்ளி வேலைக்கு மறுபடி எடுக்காதீர்கள்.

## திராவகத்தில் போட்டதும் சிவப்பாக வந்தது

உள்ளே இரும்பு போயிருக்கிறது. எஃகுச் சாமணத்தால் எடுத்திருப்பீர்கள், அல்லது கட்டுக்கம்பியைக் கழற்றாமலே போட்டிருப்பீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு வெள்ளியின் மேல் படிந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, திராவகத்தைக் கொட்டவும் வேண்டாம். இரும்பை எடுத்தால் போதும், இனிப் படியாது. படிந்ததைப் போக்க, தனிப் பிளாஸ்டிக் டப்பாவில் புதிய திராவகத் தண்ணீரும் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு சில சொட்டும் விட்டு, சாமானைச் சிறிது நேரம் போடுங்கள்.

இனிமேல் செம்பு, மூங்கில் அல்லது பிளாஸ்டிக் இடுக்கி மட்டும். வீட்டில் கந்தக அமிலமே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. ஒரு டம்ளர் சூடான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டால் போதும், 15 நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். கந்தக அமிலம்தான் வேண்டும் என்றால் பத்துப் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலத்தை மெதுவாக ஊற்றுங்கள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பழுத்த சாமானை நேராக இதில் போடவும் கூடாது. தண்ணீரில் ஆறவைத்துப் பிறகு போடுங்கள்.

## மெருகு போட்டபின் சாம்பல் நிழல் தெரிகிறது

மெருகு குறை என்று நினைத்து மேலும் மேலும் தேய்ப்பீர்கள், போகாது. ஒரு வெள்ளைத் தாள் சாமானில் பிரதிபலிக்கும்படி பிடித்துப் பாருங்கள். மேகம் மாதிரி ஓரம் கட்டிய நிழல் தெரிந்தால், சூட்டில் காற்று உள்ளே புகுந்து செம்பைக் கருக்கிய கறை அது. திராவகம் மேலே உள்ளதைத்தான் எடுக்கும், தோலுக்கு அடியில் உள்ளது நிற்கும். 400, 600, 1000 என்று உப்புத்தாள் வரிசையில் அந்தத் தோலையே எடுக்க வேண்டும்.

எடுப்பதை விட வராமல் தடுப்பது லேசு. போரிக் பவுடரை ஸ்பிரிட்டில் தயிர் பதத்துக்குக் கலக்கி, சாமானை முக்கி எடுங்கள். பாட்டிலை மூடித் தூர வைத்துவிட்டுத்தான் சாமானில் தீ காட்ட வேண்டும். பச்சைச் சுவாலையாக எரிந்து வெள்ளைப் பூச்சு தங்கும். அதன் பிறகு வாயில் வெண்காரம் தடவி வழக்கம் போல ஊதுங்கள். போரிக் பவுடரை மருந்துக் கடையில் வாங்குங்கள். கேரம் பவுடர் என்று விற்பதெல்லாம் போரிக் அல்ல.

## மரை அடைபட்டது, வளையங்கள் ஒட்டிக்கொண்டன

திருகாணி ஏறும் மரைக்குள் பொடி ஓடினால் தோடு அனேகமாகப் போச்சு. ஊதும் முன் மரையில் பென்சில் கரியை நன்றாகத் தேய்த்து விடுங்கள், அல்லது காவி. அடைபட்ட பின் அதே அளவில் மரை வெட்டும் டேப் கருவி இருந்தால் எண்ணெய் விட்டு அரை அரைச் சுற்றாக வெட்டிப் பார்க்கலாம். இல்லையென்றால் பட்டறையில் புதுத் தண்டு மாற்றுவதுதான்.

சங்கிலியில் பக்கத்து வளையம் ஒட்டிக்கொண்டால் பொடி அதிகம். ஒட்டிய இடத்தில் வெண்காரம் தடவி, மறுபடி சூடாக்கி, பொடி மினுக்கும்போது கம்பி முனையால் பிரியுங்கள். சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் நாளைக்கு நூற்றுக்கணக்கில் வளையம் பற்றுகிறவர்களின் பொடியைப் பார்த்தால், உப்புத்தூள் மாதிரி இருக்கும். வாயின் மேல் ஒரு துகள், அவ்வளவே.

## வளைக்கும்போது கீறல் விடுகிறது

தட்டித் தட்டி இறுகிய வெள்ளியைச் சூடாக்கி இளக்காமல் மேலும் வளைத்தால் விரிசல் விடும். பெர்மனன்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, மெல்லிய தீயில் சூடாக்குங்கள். கோடு மறையும்போது பதம் வந்துவிட்டது. மங்கல் சிவப்பு போதும், 600 முதல் 650 டிகிரி. சிவப்பு அடங்கியதும் தண்ணீரில் போடுங்கள். ஆரஞ்சு நிறம் வரை விட்டால் வெள்ளிக்குள் இருக்கும் நுண்மணிகள் பெருத்து, வளைக்கும்போது தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி சொரசொரக்கும்.

இளக்கிய பின்னும் கீறினால் உருக்கிய கட்டியிலேயே குறை. கம்பியை மாற்றுங்கள்.

## டார்ச் காட்டவே கூடாத சாமான்கள்

முத்து, பவளம், ஓபல், மரகதம், பச்சைக்கல் என்று விற்கும் கண்ணாடி, அரக்கு நிரப்பிக் கல் பதித்த கட்டட வேலை எதற்கும் தீ ஆகாது. கல்லைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் லேசரில் பற்றவைக்கும் கடையில் கொடுங்கள், சூடு கல்லுக்குப் போகாது. உள்ளே பொள்ளலான குண்டுமணி, காப்பு போன்றவற்றில் காற்றுப் போக ஊசி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் ஊதினால் வெடிக்கும். ஓட்டை இருந்தால் திராவகம் உள்ளே புகுந்து மாதக்கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் ஒரு நாள் காயவிட்டால் நிற்கும்.